துண்டுச்சீட்டில் போன கேள்வி

"இதைத்தானே நான் அப்பவே கேட்டேன், மிஸ்?" என்றாள் வெளிவட்டத்தில் உட்கார்ந்திருந்த மாணவி. கேட்டது உண்மைதான். அன்றைய கலந்துரையாடலில் உள்வட்டத்தில் இருப்பவர்கள் பேச வேண்டும், வெளிவட்டத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும், ஒரு மாணவன் நெறியாளராகப் பேச்சை நடத்த வேண்டும். அவள் கேட்டபோது உள்வட்டத்து 12 பேரில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே கேள்வி என் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டாக நெறியாளரிடம் போனதும், 12 பேரும் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். பாடநூல் சொல்லும் விடைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அன்று பேச எடுத்துக்கொண்டது கடல் மட்டம் உயர்வதைப் பற்றிய ஒரு பக்கப் பாடப்பகுதி. நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வது, சூடேறிய கடல்நீர் விரிவடைவது என்று இரண்டு காரணங்கள் அதில் உண்டு. கூடவே ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிப்பரப்பு சுருங்குவதைக் காட்டும் படம். பேச்சு அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டது. மிதக்கும் பனி உருகுவதால்தான் கடல் ஏறுகிறது என்று ஒருவன் சொன்னான். அடுத்தவள் ஆமோதித்து ஓர் உதாரணம் தந்தாள். மூன்றாமவன் அதை இன்னும் நீட்டினான். அப்போதுதான் வெளியிலிருந்து அந்தக் குரல்: "டம்ளர்ல மிதக்கிற ஐஸ் உருகினா தண்ணி மட்டம் ஏறுமா?" நெறியாளராக இருந்த மாணவன், "அது தலைப்புல இல்ல" என்று அடுத்தவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டான்.

வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் அது அருமையான கலந்துரையாடலாகவே தெரிந்திருக்கும். எல்லோரும் பேசினார்கள், யாரும் யாரையும் வெட்டவில்லை. வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்த நீல் மெர்சர் அதை மூன்று வகையாகப் பிரிப்பார்: ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே இருப்பது, ஒருவர் சொன்னதன்மேல் மற்றவர் கேள்வி கேட்காமல் அடுக்கிக்கொண்டே போவது, காரணம் கேட்டுச் சோதித்துப் பார்ப்பது. முதல் வகை சத்தத்திலேயே தெரிந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, மூன்றாவதைப் போலவே காட்சியளிக்கும். பிரித்தறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, வட்டத்தை ஒரு தாளில் வரைந்து யார் பேச்சு யாருக்குப் போகிறது என்று கோடு போடும்போதே, "ஏன்", "எந்த வரியில் இருக்கிறது", "அப்படியானால்" என்று வரும் இடங்களில் ஒரு புள்ளியும் வைப்பது. அன்றைய தாளில் கோடுகள் நிறைய இருந்தன. புள்ளிகள் மிகக் குறைவு.

ஆகவே சீட்டு அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. 20 நிமிடப் பேச்சில் முக்கால்வாசி முடிந்திருந்தது. அடுத்து எல்லோரும் முடிவை நோட்டில் எழுதுவார்கள். எழுதிய தவறு பேசிய தவறைவிட ஆழமாக ஒட்டிக்கொள்ளும். வட்டத்துக்குள் நான் நேரடியாகப் பேசினால் அந்தக் கணமே அது ஆசிரியர் வகுப்பாகிவிடும் என்பதால்தான் சீட்டு. ஆனால் நெறியாளர் சீட்டைப் பிரித்ததும், "மிஸ் கேக்கறாங்க" என்றுதான் தொடங்கினான். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. ஆசிரியர் ஒன்றைக் கேட்டால் இப்போது சொன்னது தவறு என்று அர்த்தம்: இந்தப் பாடத்தை மாணவர்கள் முதல் வகுப்பிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். சீட்டில் அவள் பெயரை எழுதியிருக்கலாமே என்று தோன்றும். எழுதியிருந்தாலும், அவள் கேள்விக்கு நான் குத்திய முத்திரையாகத்தான் அதைப் படித்திருப்பார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கிறது. உருகினால் நன்னீர் டம்ளரில் மட்டம் மாறாது. கடல்நீரோ உப்புநீர், அடர்த்தி கூடியது; பனி உருகி வருவது ஏறக்குறைய நன்னீர். அதே எடை நன்னீருக்குக் கொஞ்சம் அதிக இடம் வேண்டும். அதனால் மிகச் சிறிய அளவில் மட்டம் ஏறத்தான் செய்யும். அவர்கள் கைவிட்ட கருத்தில் ஒரு துளி உண்மை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வட்டத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்தபின் அதற்கு யாருக்கும் துணிவு வரவில்லை.

பழியை நெறியாளன்மேல் போட மனமில்லை. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, காரணங்களோடு வருகின்றன என்றும் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அனுபவமுள்ளவர்களுக்கே மௌனம் பயம் என்றால், 14 வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்? அதனால் நெறியாளருக்கு இரண்டே விதிகள் போதும் என்று நினைக்கிறேன். கேள்வி வந்ததும் மனதுக்குள் மூன்று எண்ணு. தலைப்புக்கு வெளியே என்று நீயே முடிவு செய்யாதே, வட்டத்தைக் கேள்.

வெளிவட்டத்தின் பிரச்சினை வேறு. உள்ளே இருப்பவர்களுக்குப் பேச்சு வாய்ப்பைக் குறிக்கும் வில்லை ஆளுக்கு மூன்று, பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு வில்லையே கிடையாது. கவனித்துக் குறிப்பெடுப்பது மட்டும்தான் வேலை. அந்த ஏற்பாட்டில் அவள் பேசியதே விதிமீறல். உள்வட்டத்தில் ஒரு காலி நாற்காலி போட்டால் வெளியே இருப்பவர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பலாம். எதிரே உட்கார்ந்து கேட்பவரை ஒதுக்குவது கடினம். ஆனால் கூச்சமுள்ள பிள்ளை அந்த நான்கு அடியை நடக்கவே நடக்காது. அவர்களுக்காக வெளிவட்டத்தில் ஒருவரை, பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் எழுதிவைக்கச் சொல்லலாம். 12ஆம் நிமிடத்தில் பேச்சை நிறுத்தி இரண்டு கேள்விகளை வாசிக்க வேண்டும், யார் கேட்டது என்று சொல்லாமல். இரண்டுக்கு மேல் போனால் பட்டியல் வாசிப்பாகிவிடும், ஒன்றும் மனதில் நிற்காது.

இந்த வழியில் என் கேள்வியையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. வசதிதான். ஆனால் பெயர் மறைத்து ஆசிரியர் கேள்வியை மாணவர் கேள்வியாக உள்ளே விடுவதும், கையெழுத்தோடு சீட்டு அனுப்புவதும் எந்த அளவுக்கு வேறு என்று எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்னதில் பிள்ளைகள் உண்மையாகவே வாதாடுவார்கள். பின்னதில் நான் அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை.

இப்போதைக்கு முடிவை நோட்டில் எழுதுவதை அடுத்த வகுப்புக்குத் தள்ளி வைப்பதே மேல் என்று படுகிறது. அதற்கு முன் இரண்டு டம்ளர் வைக்க வேண்டும், ஒன்றில் நன்னீர், மற்றதில் இனிக் கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்த நீர். கடல்நீர் அளவு உப்பு போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே அளவு ஐஸ் போட்டு, மட்டத்தைப் பேனாவால் குறித்து, உருகும்வரை விட வேண்டும். உப்புநீரில் ஐஸ் உருக நேரமாகும். அந்த நேரத்துக்குள் எது ஏறும், ஏன் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பக்கத்தில் பார்க்காமல்.