கன்ட்ரோல் கோப்பில் ஒரு வரி

"அண்ணே, கன்ட்ரோல் கோப்பில 'ஒன்'னு போட்டுருவமா? இன்னைக்கு ராவைக்காவது ஸ்க்ரீன் அணையாம இருக்கும்."

"வேணாம் தம்பி. அது வலிக் குளிசை. நோவு எங்கன்னு தெரியாமப் போயிரும்."

நடந்தது இவ்வளவுதான். பொகவந்தலாவையில் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்), கொழுந்தின் ஈரத்தை இறக்கும் வாட்டு மாடித் தொட்டிகளில் அப்போதுதான் கொழுந்து பரப்பி முடித்திருந்தார்கள். அந்த மாடியில் ஈர, உலர் வெப்ப அளவைக் காட்டும் மொனிட்டர் இரண்டு இரவாக, கரண்ட் போய்வந்த பிறகு, கறுப்பாகவே கிடந்தது.

தம்பி கேட்டது, லினக்ஸில் டிஸ்ப்ளே கன்ட்ரோலரின் (மொனிட்டருக்குப் படம் அனுப்பும் பகுதியின்) ரன்டைம் பவர் மெனேஜ்மன்டை, அதாவது வேலையில்லாதபோது அதைத் தூங்கவைக்கும் வசதியை, நிறுத்தும் வரி. 'ஓட்டோ' இருக்கும் இடத்தில் 'ஒன்' எழுதினால் அந்த டிவைஸ் தூங்காது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களுக்குப் பிறகுதான் நாங்கள் டிரைவர் எழுதும் இந்தக் கணினி போர்டுக்கு அந்த வசதியைச் சேர்த்தோம். கணினி யூபிஎஸ்ஸில் ஓடும், மொனிட்டர் சுவர்க் கரண்டில் ஓடும். பார்க்க ஸ்க்ரீன் இல்லாதபோது கன்ட்ரோலர் பேட்டரியைத் தின்னக்கூடாது. இந்தக் காரணத்தை இன்றும் விட மாட்டேன்.

சிக்கல் தொடங்கியது கேபிளில். பதினைந்து மீட்டர் எச்டிஎம்ஐ, விசிறி மோட்டார் வயர்களை ஒட்டியே மாடிக்கு ஏறுகிறது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மொனிட்டர் இருக்கிறதா என்று சொல்லும் ஹொட்பிளக் கம்பி துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர் நிலையைப் படித்து, துடைத்து, மீதி வேலையைப் பிறகு செய்ய வேர்க்-கியூவுக்குத் தள்ளிவிடும், அதுவரை சரி. இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915 டிரைவரில் ஒரு விநாடிக்குள் சேரும் எண்ணிக்கை 50ஐத் தாண்டினால் அது இன்டரப்ட் புயல். நீண்ட துடிப்பு ஒன்றுக்குப் பத்து, குறுந்துடிப்புக்கு ஒன்று. அதே கணக்கைத்தான் எங்கள் டிரைவரிலும் வைத்திருந்தோம். புயல் என்று முடிவானால் ஹொட்பிளக் இன்டரப்ட் மூடப்படும். அதற்குப் பதிலாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை போலிங் வேர்க்கர் என்ற பின்னணி வேலை வந்து கனெக்டரைப் பார்த்துப் போகும்.

இப்போது கரண்ட் போகிறது. மொனிட்டர் இல்லை என்று தெரிந்ததும் ஸ்க்ரீன் வேலை நிற்கிறது, ஓட்டோ-சஸ்பென்ட் கடிகாரம் ஓடுகிறது. கன்ட்ரோலரைத் தூங்கவைக்கும் சஸ்பென்ட் கோல்பேக் முதலில் போலிங்கை நிறுத்தும். ஓடிக்கொண்டிருக்கும் வேர்க்கர் முடியும்வரை நிற்கும். வேர்க்கரோ, மொனிட்டரைத் தேடும் டிடெக்டுக்குள், டிவைஸை விழிக்கவைக்கும் பிஎம் ரன்டைம் கெட் சிங்க்கைக் கூப்பிட்டு, சஸ்பென்ட் முடியும்வரை நிற்கும். ஒன்றுக்காக ஒன்று நிற்கும் பூட்டு. கரண்ட் திரும்பினாலும் எழுப்ப ஆளில்லை. ஹட்டனில் எங்கள் மேசையில் ஒன்றரை மீட்டர் கேபிள். அங்கே புயலே வராது, போலிங்கும் தொடங்காது. எத்தனை சோதனை ஓட்டினாலும் அகப்பட்டிருக்காது.

நூவோ, ரேடியோன் போன்ற லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவர்களில் இதே பூட்டு 2018இல் திருத்தப்பட்டது. டிடெக்டைக் கூப்பிடுவது போலிங் வேர்க்கர்தானா என்று பார்த்து, ஆமென்றால் கெட் சிங்க் கூப்பிட்டு ரெஃபரன்ஸ் (டிவைஸைத் தூங்கவிடாத பிடி) எடுக்காமல் விடுவதுதான் அந்தத் திருத்தம். சஸ்பென்ட் அந்த வேர்க்கர் முடிப்பதற்காகக் காத்திருப்பதால், அதுவரை டிவைஸ் விழித்தே இருக்கும். ஆனால் கெட் சிங்க்கை டிடெக்டிலிருந்து மொத்தமாகக் கழற்றக்கூடாது. கனெக்டரின் ஸ்டேட்டஸ் கோப்பில் யாராவது 'டிடெக்ட்' என்று எழுதினால், டிவைஸ் தூங்கும்போதும் அதே பாதைதான் ஓடும். மின்சாரம் இல்லாத ரெஜிஸ்டரைத் தொட்டால் எங்கள் போர்டில் பஸ்ஸே உறைந்துவிடும்.

திருத்தம் எட்டு வரி. அதை எழுத மூன்றாவது இரவின் லொக் உதவியது: '120 விநாடிக்கு மேல் தடைப்பட்டுள்ளது' என்று கேர்னல் இரண்டு டாஸ்க்குகளின் ஸ்டேக்கையும் (எந்த இடத்தில் நிற்கின்றன என்பதையும்) அச்சிட்டிருந்தது. 'ஒன்' போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த இரவில்தான் இரண்டு தொட்டிக் கொழுந்து அளவுக்கு மேல் வாடியது. ஈர, உலர் வெப்பமானிகளைக் கையால் பார்க்கும் பழக்கம் மாடியில் குறைந்துபோயிருந்தது; எங்கள் ஸ்க்ரீனை நம்பித்தான்.

பிறகு பழைய மடல்களைப் பார்த்தேன். தம்பி முதல் இரவே முழு லொக்கையும் அனுப்பியிருந்தான். அந்த 120 விநாடிச் செய்தி அதிலும் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில். ஹொட்பிளக் வரிகளை மட்டும் தேடிப் படித்ததில் அதுவரை நான் போகவில்லை. அவன் 'ஒன்' கேட்டபோது நோவு எங்கே என்பது ஏற்கெனவே கையில் இருந்தது. நான் மறுத்ததால் புதிதாக எதுவும் தெரியவரவில்லை.

இருந்தும் தற்காலிக வரி என்று போட்டது எத்தனை போர்டுகளில் நிரந்தரமாகிவிட்டது என்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் கொழுந்து காத்திருக்காதே. 'ஒன்' போட்டுவிட்டு, எடுக்கும் நாளை மாட்டுப்பொங்கல் மாதிரி கலண்டரில் குறித்திருக்கலாம். அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. எச்டிஎம்ஐயில் மொனிட்டர் தன் ஈடிஐடி (தன்னைப் பற்றிய விவரக் குறிப்பு) மாறியதைச் சொல்ல ஹொட்பிளக்கைக் குறைந்தது 100 மில்லிசெக்கன் தாழ்த்தி வைக்க வேண்டும். அதைவிடக் குறுகிய துடிப்பை வடிகட்டியிருந்தால் மோட்டார் இரைச்சல் புயலாகவே ஆகியிருக்காது. டிஸ்ப்ளேபோர்ட்டில் அப்படி வடிகட்ட முடியாது. அங்கே அரை முதல் ஒரு மில்லிசெக்கன் துடிப்புக்கே அர்த்தம் உண்டு. இரண்டுக்கும் ஒரே கோட் போதும் என்று தீர்மானித்தது நான். வடிகட்டியை இப்போது எச்டிஎம்ஐக்கு மட்டும் சேர்த்திருக்கிறோம். கேபிளையும் மோட்டார் வயரிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

அந்த ஸ்டோரில் மட்டும் இன்னும் 'ஒன்'தான் ஓடுகிறது. நான்காவது நாள் தம்பி போட்டது. இந்த முறை அவன் என்னிடம் கேட்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.