பட்டியலில் ஒரு பெயர்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் வீடற்றோர் கணக்கெடுப்பு நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் தன்னார்வலராகச் சேர்ந்து, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில், கையில் கைபேசியும் தோளில் ஒரு பை காலுறைகளுமாக நின்றிருந்தேன். நீலத் தார்ப்பாய்க்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்த பெரியவரிடம் செயலியில் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்: நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள், எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறீர்கள், ராணுவத்தில் பணியாற்றியதுண்டா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர் கடைசியில், "இதையெல்லாம் எத்தனை பேரிடம்தான் சொல்வது? நீங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே மாட்டீர்களா?" என்று கேட்டார்.

தரவுத்தளங்களோடு மாரடிப்பதே என் பிழைப்பு என்பதால் அந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே தைத்தது.

2011-இல் இந்த வட்டாரத்தில் ஒரே இரவில் எண்ணப்பட்ட வீடற்றோர் சுமார் 8,500 பேர். தொண்டு நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு படிவம், ஒரு காத்திருப்போர் வரிசை, தகுதி குறித்து ஒரு விதி என்று வைத்திருந்தது. வீடற்ற முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தெருவிலிருந்து நிரந்தர வீட்டுக்குப் போய்ச் சேர 76 படிகளைக் கடக்க வேண்டியிருந்தது, அதற்கு 720 நாள் பிடித்தது என்பது அந்தக் காலக் கணக்கு. அப்போது மேயராக இருந்த அனிஸ் பார்க்கர் காலத்தில் நகராட்சி, சுற்றியுள்ள மாவட்ட நிர்வாகங்கள், வீட்டு வசதி ஆணையங்கள், தொண்டு நிறுவனங்கள் எனப் பின்னாளில் நூற்றுக்கு மேலாகப் பெருகிய அமைப்புகள் 'தி வே ஹோம்' என்ற பெயரில் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்தன. 2022 வாக்கில் 25,000-க்கும் அதிகமானோருக்கு வீடு கிடைத்திருந்தது. அந்த 720 நாள் 32 நாளாகச் சுருங்கியிருந்தது.

இதை மென்பொருளின் வெற்றி என்று என்னைப் போன்றவர்கள் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவோம். இந்த அமைப்புகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பதிவேடு என்பது உள்ளபடியே மிகச் சாதாரணமான ஒரு பொருள்: பெயர், பிறந்த தேதி, தங்கிய இடம், உடல்நிலை, கடைசியாகப் பார்த்த ஊழியர் யார் என்ற விவரம், அவ்வளவுதான். கடினமான பகுதி, யாருக்கு முதலில் வீடு என்று தீர்மானிக்கும் உரிமையை ஒவ்வொரு நிறுவனமும் விட்டுக்கொடுத்தது. "இவர் எங்கள் ஆள், எங்களிடம்தான் முதலில் வந்தார்" என்ற பேச்சுக்கு இடமில்லாமல், எல்லாரும் ஒரே பட்டியலைப் பார்த்து, யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கு அடுத்த வீடு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குடியை நிறுத்தினால்தான் வீடு என்ற நிபந்தனையும் போயிற்று. முதலில் சாவி, மற்றவை பிறகு.

பட்டியலும் தவறு செய்யும். தேவையை அளக்க அமெரிக்க நகரங்கள் பலவும் பயன்படுத்திய ஒரு கேள்வித்தாளில், தேவை அதிகம் என்று காட்டும் உயர்ந்த மதிப்பெண் வெள்ளையர்களுக்கே அதிகம் விழுவதாக ஆய்வுகள் காட்டின. அதை உருவாக்கியவர்களே பின்னர் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அதே போல, எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கலாம் என்பதும் ஆபத்துதான். கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்ணின் விவரத்தை அவருக்கு அடைக்கலம் தரும் நிறுவனங்கள் பொதுப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. தரவை இணைப்பதே புண்ணியம் என்று நம்பும் என் தொழில்காரர்கள் இந்தச் சட்டத்தை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

ஹூஸ்டனுக்குச் சாதகமான காரணங்களும் உண்டு. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று பிரித்துச் சொல்லும் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் இல்லாத ஊர் இது. கட்டடங்கள் சுலபமாக எழும்புகின்றன, கலிஃபோர்னியாவோடு ஒப்பிட்டால் வாடகை மலிவு. கொரோனாக் காலத்தில் மத்திய அரசின் பணமும் வந்தது. காலி வீடே இல்லாத நகரத்தில் எவ்வளவு துல்லியமான பட்டியல் இருந்தாலும், காத்திருப்போரை வரிசைப்படுத்தி வைக்கத்தான் அது உதவும். இங்கேயும் வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் 3,300-ஐ ஒட்டி வந்த பிறகு பெரிதாக இறங்கவில்லை. ஒருவருக்கு வீடு கொடுக்கும் அதே வாரத்தில் வாடகை கட்ட முடியாத இன்னொருவர் தெருவுக்கு வருகிறார்.

பதிவேட்டில் ஒருவரின் கோப்பை மூடும்போது 'எங்கே சென்றார்' என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். உதவித்தொகையுடன் வாடகை வீடு, உறவினர் வீடு, மருத்துவமனை, சிறை, மரணம் என்று விடைகள் வரிசையாக இருக்கும். அந்தப் பெரியவரின் கட்டத்தில் எது நிரப்பப்பட்டது என்று பார்க்க ஆசைதான். ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் வந்த தன்னார்வலனுக்கு அதைத் திறக்க அனுமதியில்லை, இருக்கவும் கூடாது.