குவெரியில் பெயர் வேறு, மதிப்பு வேறு

குவெரி என்பது டேட்டாபேஸுக்கு நாம் எஸ்கியூஎல் மொழியில் அனுப்பும் கட்டளை. வெளியிலிருந்து அதற்குள் வருபவை இரண்டு வகை. ஒன்று மதிப்பு: ஆளின் பெயர், தேதி, தொகை. இன்னொன்று பெயர்: டேபிளின் பெயர், அதிலுள்ள புலத்தின் (நெடுவரிசையின்) பெயர். இரண்டையும் ஒரே "கிளீன்" ஃபங்ஷனுக்குள் போட்டு எடுக்கும் நிரல்கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. பெரும்பாலான நாட்களில் அது சரியாக ஓடுவதுதான் தொல்லையே.

முதலில் மதிப்பு. படிவத்தில் டி'சூசா என்று ஒருவர் எழுதுகிறார். சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒட்டிக் குவெரி கட்டியிருந்தால் நடுவில் உள்ள ஒற்றை மேற்கோளோடு சரம் முடிந்துவிடும். மிச்சமுள்ள "சூசா" கட்டளையாகப் படிக்கப்படும். எழுதியவர் அப்பாவி என்றால் சின்டாக்ஸ் எரர். விவரமானவர் என்றால் அந்த இடத்தில் தனக்கு வேண்டிய கட்டளையை வைப்பார்.

எஸ்கியூஎல் தரநிலை சொல்லும் மருந்து மேற்கோளை இரட்டிப்பது: 'டி''சூசா'. ஆனால் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இயல்பு அமைப்பில் பேக்ஸ்லாஷும் (\) எஸ்கேப் குறி, அதாவது அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கி வெறும் எழுத்தாக்கும் குறி. மேற்கோளை மட்டும் இரட்டும் ஃபங்ஷனுக்கு \' என்று அனுப்பினால் அது \'' ஆகும். பேக்ஸ்லாஷ் முதல் மேற்கோளை விழுங்கிவிட, இரண்டாவது சரத்தை மூடிவிடும். சரி, பேக்ஸ்லாஷ் சேர்த்தே எஸ்கேப் செய்யலாம் என்றால், ஜிபிகே என்ற சீன எழுத்துக் குறியாக்கத்தில் பேக்ஸ்லாஷின் பைட் ஓர் எழுத்தின் இரண்டாம் பாதியாகவும் வரக்கூடியது. முன்னால் தோதான ஒரு பைட்டை வைத்து அனுப்பினால், நாம் சேர்த்த பேக்ஸ்லாஷ் அதோடு ஒட்டி ஒரே எழுத்தாகிவிடும். மேற்கோள் காவலின்றி நிற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் சொந்த எஸ்கேப் ஃபங்ஷன்களிலேயே, செல்லாத யூடிஎஃப்-8 பைட்டுகள் வந்தால் மேற்கோள் தப்பும் ஓட்டை இருந்தது. அந்த வெளியீட்டை போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லுக்கு ஊட்டினால் ஆபத்து. 2025 பிப்ரவரியில் 17.3 பதிப்பில்தான் அடைத்தார்கள். அவர்களுக்கே இப்படி என்றால் நாம் கையால் எழுதும் ரீப்ளேஸ் எம்மாத்திரம்?

ஆகவே மதிப்பைக் குவெரியின் உரைக்குள் விடவே கூடாது. உரையில் ? அல்லது $1 என்று பிளேஸ்ஹோல்டர் (இடம்பிடிக்கும் குறி) மட்டும் இருக்கட்டும். மதிப்பு தனியாகப் போகட்டும். இதைத்தான் பைண்ட் செய்வது என்கிறோம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, பழக்கதோஷத்தில் '?' என்று மேற்கோள் போடுவது. அது வெறும் கேள்விக்குறிச் சரம். பாராமீட்டர் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று எரர் வரும். பகுதிப் பொருத்தம் பார்க்கும் லைக் தேடலில் '%?%' என்பதும் அதே தவறுதான். சதவீதக் குறிகளை மதிப்போடு ஒட்டி பைண்ட் செய்யுங்கள். அப்போதும் பயனர் 50% என்று தேடினால் அவருடைய % எதற்கும் பொருந்தும் குறியாகவே வேலை செய்யும், அடிக்கோடும் அப்படித்தான். எஸ்கேப் குறி ஒன்றைத் தேர்ந்து, முதலில் அந்தக் குறியையே இரட்டித்து, பிறகு %, _ இரண்டின் முன்னும் அதைச் சேருங்கள். வரிசை மாறினால் நீங்கள் சேர்த்த குறிகளே மறுபடி இரட்டிக்கும்.

பைண்ட் செய்தாலும் வகை முக்கியம். மைஎஸ்கியூஎல்லில் சரப் புலத்தை எண் 0 உடன் ஒப்பிட்டால், எண்ணில் தொடங்காத சரமெல்லாம் 0 ஆகி எல்லாமே பொருந்தும். டோக்கனை (பயனரை அடையாளம் காட்டும் ரகசியச் சரத்தை) சரிபார்க்கும் இடத்தில், பயனர் அனுப்பும் ஜேசான் தரவிலிருந்து சரத்துக்குப் பதில் 0 வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிஎச்பி மொழியின் டேட்டாபேஸ் இணைப்பான பிடிஓ, மைஎஸ்கியூஎல்லுடன் பேசும்போது இயல்பாக பைண்டை எமுலேட் மட்டுமே செய்கிறது, அதாவது மதிப்பைத் தானே மேற்கோளிட்டு உரைக்குள் ஒட்டி அனுப்புகிறது. அதனால்தான் எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட்டுக்குக் கொடுத்த 10, '10' ஆகி எரர் தருகிறது. எமுலேஷனை அணைத்துவிடுவது நல்லது.

இனி பெயர். இதை பைண்ட் செய்ய வழியில்லை. வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை-க்குப் பின் பிளேஸ்ஹோல்டர் போட்டால் மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் இரண்டும் முணுமுணுக்காமல் ஏற்கும். ஆனால் அது ஒரு மாறிலியை வைத்து வரிசைப்படுத்துவது, அதாவது வரிசையே இல்லை. பெயரை மேற்கோளிட்டே ஆகவேண்டும்: தரநிலைப்படி இரட்டை மேற்கோள், மைஎஸ்கியூஎல்லில் பேக்டிக் (`), எஸ்கியூஎல் சர்வரில் சதுர அடைப்பு. உள்ளே அதே மூடும் குறி வந்தால் இரட்டிக்க வேண்டும். ஸ்கீமாவும் (டேபிள்களின் தொகுப்பும்) டேபிளும் சேர்ந்தால் "விற்பனை"."ரசீது" என்று தனித்தனியாக, "விற்பனை.ரசீது" என்பது புள்ளியைத் தன் பெயருக்குள்ளேயே வைத்திருக்கும் ஒற்றை டேபிள்.

மேற்கோளிடாத ஆங்கிலப் பெயர்களை போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாக்கும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும், மேற்கோளிட்டால் எழுதியபடியே. ஒருமுறை மேற்கோளிட்டு பெரிய எழுத்தில் டேபிள் உருவாக்கினால் போஸ்ட்கிரெஸில் காலத்துக்கும் மேற்கோளிட்டே தீரவேண்டும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, வேறொன்று உண்டு. போஸ்ட்கிரெஸில் பெயரின் எல்லை 63 பைட். யூடிஎஃப்-8இல் "ம" 3 பைட், "மா" 6 பைட். மீறினால் ஒரு நோட்டீஸோடு வால் வெட்டப்படும். எஸ்கியூலைட்டின் குறும்பு இன்னும் மோசம்: இரட்டை மேற்கோளில் புலத்தின் பெயரைத் தப்பாக எழுதினால் எரர் தராமல் அதையே சரமாக எடுத்துக்கொள்ளும். 3.29 பதிப்பு முதல் இதை அணைக்க அமைப்பு உண்டு.

மேற்கோள் ஊடுருவலைத் தடுக்கும், அனுமதியைப் பார்க்காது. கடவுச்சொல்லின் ஹேஷ் (மறைவடிவம்) உள்ள புலத்தின் பெயரைக் கொடுத்து ஒருவர் வரிசைப்படுத்தச் சொன்னால், ஒழுங்காக மேற்கோளிட்டு நீங்களே செய்து கொடுப்பீர்கள். அதனால் பயனர் அனுப்புவது ஒரு சாவியாக மட்டும் இருக்கட்டும்; அதற்கான உண்மைப் பெயரை நிரலில் உள்ள பட்டியலிலிருந்து எடுங்கள். ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதற்கும் இதுவே.

டேட்டாபேஸுக்குள்ளேயே குவெரி கட்டும் ப்ரொசீஜர்களில் போஸ்ட்கிரெஸின் ஃபார்மேட் ஃபங்ஷன் கைகொடுக்கும்: சதவீதக் குறியோடு 'ஐ' (%I) பெயருக்கு, 'எல்' (%L) மதிப்புக்கு, 'எஸ்' (%s) எதுவும் செய்யாமல் அப்படியே ஒட்டும். மதிப்புக்கு அதைவிட, அதைத் தனியாக அனுப்பும் யூசிங் மேல். மதிப்பை மேற்கோளிடும் கோட்-லிட்டரல் ஃபங்ஷனை வைத்து ஒட்டுபவர்கள் நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) வருவதைக் கவனியுங்கள்: அப்போது அந்த ஃபங்ஷன் நல்லையே திருப்பித் தரும், || குறியால் ஒட்டினால் முழுக் குவெரியும் நல் ஆகிவிடும். அங்கே கோட்-நல்லபிள் போடவேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் பெயரை மேற்கோளிடும் கோட்நேமும் 128 எழுத்துக்கு மேல் கொடுத்தால் இதேபோல் நல் தரும்.