சுருளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: தென்னை வெள்ளை ஈயை உறுதி செய்த விதம்

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்பில் அடிமட்டை ஓலைகளின் அடியில் வெள்ளைச் சுருள்கள் தெரிந்ததும் ரூகோஸ் வெள்ளை ஈயோ என்ற சந்தேகம் வந்தது. இந்தியாவில் முதலில் 2016-ல் பொள்ளாச்சியில் பதிவான பூச்சி அது. ஆனால் 1990-களிலேயே வந்து கொய்யா, மரவள்ளியில் தங்கிவிட்ட பழைய சுருள் வெள்ளை ஈயும் மெழுகில் இப்படித்தான் சுருள் போட்டு முட்டையிடும். அதனால் சுருள் மட்டும் சாட்சியாகாது.

முதலில் ஈ. வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். ஏறிவிட்டால் மட்டையைத் தொட்டதுமே பறந்துவிடும். 10 மடங்கு கைலென்ஸில் ஈ சுமார் 2.5 மி.மீ. இருந்தது, சிறகில் ஒழுங்கற்ற வெளிர்பழுப்புப் பட்டைகள். அதே ஓலையில் பறவைக்கூடு போன்ற மெழுகுக்குள் 1 மி.மீ. அளவில், சிறகில் பெருக்கல் குறியோடு ஒன்று இருந்தால் அது கூடுகட்டும் வெள்ளை ஈ. இரண்டும் ஒரே ஓலையில் வாழும், கலந்துவிடாதீர்கள்.

முடிவைச் சொல்வது கூட்டுப்புழுதான். ஓலைத் துண்டுகளைச் செய்தித்தாளில் மடித்து எடுத்தோம். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, மென்தூரிகையால் மெழுகை நீக்கி, ஊசியை விளிம்புக்கடியில் நுழைத்துப் பெயர்க்க வேண்டும். மெழுகு மிஞ்சினால் ஸ்லைடு மங்கலாகிவிடும். 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, அதில் ஐந்தாறு கூட்டுப்புழுக்களைப் போட்டு, நிறம் போகும்வரை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தோம். கொதிக்க விடக் கூடாது. விட்டால் பிறகு பார்க்க வேண்டிய, பின்கோடிக் குழியின் மூடியே கழன்றுவிடும். பிறகு தண்ணீரில் அலசி, ஆசிட் ஃபுக்சின் சாயம், ஆல்கஹால், கிராம்பு எண்ணெய், கடைசியில் முதுகுப்பக்கம் மேலாக வைத்துக் கனடா பால்சம் என்ற பிசினில் ஸ்லைடில் ஒட்டினோம்.

மைக்ரோஸ்கோப்பில் உடலின் பின்கோடியில் உள்ள குழியைத் தேடுங்கள். அதன் மூடி துணி கசங்கியதுபோல் சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தது. பூச்சிக்குப் பெயர் வந்ததே அந்தச் சுருக்கத்தால்தான். கீழே நாக்கு போன்ற லிங்குலாவின் நுனி கூர்மை. விளிம்போர முதுகில் வலைப்பின்னல். மூன்றும் சேர்ந்து இருந்த பிறகே ரூகோஸ் என்று எழுதினோம்.

கறுத்த கூட்டுப்புழுக்களை ஸ்லைடுக்கு எடுக்காதீர்கள். உள்ளே வெள்ளை ஈயைத் தின்று வளரும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவி இருக்கும். குப்பியில் போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தால் குளவி வெளிவரும். அதுவும் பதிவுக்குரியதே.

ஊர், தேதி, மரத்தின் வயது, கன்று வாங்கிய இடம் எல்லாவற்றையும் அன்றே எழுதிவிட வேண்டும். முட்டை, குஞ்சு, கூட்டுப்புழு, ஈ நான்கும் ஒரே மரத்தில் இருந்தால்தான் அங்கே பெருகுகிறது என்று சொல்லலாம். தனி ஈ கன்றோடு வண்டியில் வந்ததாகவும் இருக்கலாம். ஸ்லைடையும், மெழுகு நீக்காத ஓலைத்துண்டு ஒன்றையும் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். அதற்குமுன் மருந்து அடித்துவிடாதீர்கள், குளவியும் செத்துப்போகும்.