யாபாவுக்குச் சொல்லாமல் வந்தவர்

முன்பு நான் வேலை பார்த்த ஆபீஸுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய தலை வருகிறார் என்று மூன்று வாரம் முன்னாடியே மெயில் வந்துவிட்டது. உடனே சுவருக்குப் பெயிண்ட், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி, எல்லாரும் சட்டையை இன் பண்ணி வரணும் என்று எச்.ஆர். உத்தரவு. பல மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த ஏசியைக்கூட சரி பண்ணினார்கள் என்றால் பாருங்கள். வந்தவர் எங்கள் மாடியில் நின்றது நாலு நிமிடம். அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்த பையனுக்கு நகம் கடித்ததுதான் மிச்சம்.

அதனாலோ என்னவோ, 2016 ஆகஸ்ட் 30 அன்று ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க் நைஜீரியாவின் லாகோஸில் போய் இறங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருவதாக எந்த அறிவிப்பும் கிடையாது. சஹாராவுக்குத் தெற்கே அவர் கால் வைத்ததே அதுதான் முதல் தடவை. அப்படிப் போனவர் முதலில் நுழைந்தது அதிபர் மாளிகைக்குள் இல்லை, யாபா என்ற நெரிசலான பகுதியில், புதுசாகத் தொழில்நுட்பக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்குக் கைகொடுக்கும் சிசிஹப் என்ற இடத்துக்குள்.

யாபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாகோஸ் பல்கலைக்கழகமும் யாபா தொழில்நுட்பக் கல்லூரியும் பக்கத்திலேயே இருப்பதால் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, அப்புறம் ஃபைபர் கேபிளும் வந்து சேர, லேப்டாப்பும் கையுமாக இளைஞர்கள் அங்கே கூடிவிட்டார்கள். கரண்ட் மட்டும் எப்போது போகும் என்று தெரியாது, ஜெனரேட்டர்தான் துணை. சக்கர்பெர்க் போன நேரம் சிசிஹப்பில் சின்னப் பிள்ளைகளுக்கான கோடை கோடிங் முகாம் நடந்துகொண்டிருந்தது, அவர்களோடு பேசிக்கொண்டு நின்றார். வழக்கமான டிஷர்ட்டில் யாபா தெருவில் நடந்து போகும் அவரது படம் அன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றியது.

சரி, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாரா? அப்படி நம்ப நான் தயாரில்லை. அவரும் மனைவியும் நடத்தும் அமைப்பு, அதே ஜூனில்தான் ஆண்டேலா என்ற நிறுவனத்தில் 2.4 கோடி டாலர் முதலீட்டுக்குத் தலைமை தாங்கியிருந்தது. ஆப்பிரிக்க இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து, சம்பளம் கொடுத்துப் பயிற்சி தந்து, அமெரிக்க கம்பெனிகளுக்கு டெவலப்பராக அமர்த்துவது அப்போது ஆண்டேலாவின் வேலை. இன்னொரு கணக்கும் உண்டு. 2015 அக்டோபரில் டெல்லி ஐஐடி மேடையில் பேசிவிட்டுப் போனவருக்கு, நாலே மாதத்தில், நம்ம தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், சில வலைத்தளங்களை மட்டும் இலவசமாகப் பார்க்கவிடும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்குத் தடை போட்டது நமக்கு நினைவிருக்கும். அதே ஃப்ரீ பேசிக்ஸ் 2016 மே மாதம் நைஜீரியாவில் ஏர்டெல் மூலம் தொடங்கியிருந்தது. அவர் கண் எங்கே இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் பெயிண்ட் அடிக்க நேரம் கொடுக்காமல் போய் நின்றாரே, அதை மறுக்க முடியாது.

லாகோஸிலிருந்து கென்யாவின் நைரோபி போனார், அங்கேயும் ஐஹப் என்ற டெவலப்பர் கூடம், மதியம் மாமா ஒலியெச் என்ற சாப்பாட்டுக் கடையில் உகாலி என்ற சோளமாவுக் களியும் மீனும். அதே நாள், செப்டம்பர் 1, ஃபுளோரிடாவில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது. ஆப்பிரிக்காவுக்கு இணையம் தர ஃபேஸ்புக் குத்தகை பேசி வைத்திருந்த ஆமோஸ்-6 செயற்கைக்கோளும் அதோடு போனது. கையால் மீன் சாப்பிட்ட படத்தையும் அந்தச் செய்தியையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது.

அப்புறம் நடந்ததில் பாதிக்கு மேல் அவருக்குச் சம்பந்தமே இல்லை. ஆண்டேலா 2019இல் சுமார் 400 பேரை வேலையை விட்டு அனுப்பியது, சந்தை கேட்டது அனுபவசாலிகளை, கையில் இருந்ததோ புதுசுகள். அதன் நிறுவனர்களில் ஒருவரான இயினோலுவா அபோயேஜி 2016லேயே வெளியே வந்து, ஃபிளட்டர்வேவ் என்ற பணப் பரிமாற்றக் கம்பெனி தொடங்குவதில் இறங்கிவிட்டார். லாகோஸ் பையன்கள் இரண்டு பேர் தொடங்கிய, ஆன்லைனில் பணம் வாங்க உதவும் பேஸ்டாக்கை அதே தொழிலில் இருக்கும் பெரிய கம்பெனியான ஸ்ட்ரைப் 2020இல் வாங்கியது, 20 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. சிசிஹப் 2019இல் நைரோபியின் ஐஹப்பையே வாங்கிவிட்டது! சிசிஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான போசுன் டிஜானி 2023இல் நைஜீரியாவின் தகவல் தொடர்பு, டிஜிட்டல் பொருளாதார அமைச்சர் ஆனார். சக்கர்பெர்க்கோடு எடுத்த படத்தை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் எங்கே நடந்திருக்கும்.

எனக்கு ஒரே ஒரு குறை. அந்த வருகையைப் பற்றி நான் படித்ததெல்லாம் பெரியவர்கள் எழுதியது. முகாமில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயசு பக்கம் ஆகியிருக்கும், நடுவில் வந்து நின்ற அந்த அண்ணன் யார் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததா, இல்லை பாதியில் நின்ற புரோகிராமைப் பற்றித்தான் கவலைப்பட்டார்களா என்று யாராவது கேட்டு எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.