முன்பணம் கேட்டபோது சொன்னது

கூடுதல் நேரப் பணிக்கும் ஆறு மாதப் பயிற்சிக்கும் எங்கள் பெண் பணியாளர் ஒருவர் சேர்த்தே விண்ணப்பித்திருந்தார். இரண்டும் மாலையில் நடப்பவை. ஒன்றைத்தான் தர முடியும். "பொருளாதார நெருக்கடியைக் கருத்தில் கொண்டு கூடுதல் நேரப் பணி வழங்கலாம்" என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன். பயிற்சி இடம் இன்னொருவருக்குப் போனது.

ஆணையை வாங்க வந்த அவர் கோபப்படவில்லை. "எனக்குக் கடன் இருக்குன்னு முன்பணம் கேட்டப்பதான் சார் உங்ககிட்ட சொன்னேன். அத இதுக்கு எடுத்துக்குவீங்கன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றார். "உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல், நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டு, தேதிக்குப் பக்கத்தில் மணியையும் குறித்துவிட்டுப் போனார். எங்கள் பிரிவில் யாரும் மணி குறிப்பதில்லை.

என்னைப்போலப் பணியாளர் நலப் பிரிவில் இருப்பவர்களுக்கு, மனிதத் தேவைகளை வரிசைப்படுத்திய உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அடியில் பசியும் உறக்கமும், அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தும் வேட்கை என்று அடுக்கிய முக்கோணத்தை நானே பல வகுப்புகளில் காட்டியிருக்கிறேன். கடன் அடித்தளத்தைச் சேர்ந்தது, பயிற்சி உச்சியைச் சேர்ந்தது, அடித்தளம்தான் முதலில் என்பதே அன்று என் கணக்கு. வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவரை ஊக்கத்தொகை இல்லாத வகுப்புக்கு அனுப்பி, பிறகு அவர் தவணை தவறினால், அதற்கும் என் பிரிவைத்தானே கேட்டிருப்பார்கள்? இந்த வாதத்தில் இன்றும் எனக்குப் பெரிய ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஆனால் அந்த முக்கோணம் மாஸ்லோவின் மூலக் கட்டுரையில் இல்லை. 1943-இல் 'சைக்கலாஜிக்கல் ரிவ்யூ' இதழில் அது வெளிவந்தபோது வெறும் எழுத்தாகவே இருந்தது. படத்தைப் பின்னாளில் வரைந்து பரப்பியவர்கள் மேலாண்மைத் துறையினர். ஒரு தேவை முழுவதும் தீர்ந்த பிறகுதான் அடுத்தது எழும் என்று நினைப்பது தவறான புரிதல் என்பதை அக்கட்டுரையே சொல்கிறது. சராசரி மனிதருக்கு உடல் தேவைகள் 85 விழுக்காடு, பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, ஆற்றலை வெளிப்படுத்துதல் 10 என்ற அளவில் நிறைவேறியிருக்கலாம் என்று, விளக்கத்துக்காகத் தானே வைத்துக்கொண்ட எண்களை அவர் தருகிறார். வரிசை தலைகீழாக அமைந்தவர்களையும், ஒரு கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்பவர்களையும் அதே கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இவை அன்றே நான் அறிந்தவைதான். இருந்தும் விழுக்காடுகளை வைத்து ஆணை எழுத முடியாது. முக்கோணத்தை வைத்து எழுதலாம். அலுவலகங்களில் அது நிலைத்துவிட்டதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது வரிசை அல்ல. முன்பணம் கேட்டு வந்தவரிடம் காரணம் கேட்டேன். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அவர் கட்டத்தில் எழுதியதைவிட அதிகமாக என்னிடம் வாய்விட்டுச் சொன்னார். நானும் அக்கறையோடு கேட்டேன்; அதில் நடிப்பு இல்லை. மாஸ்லோவைப் போலவே மனிதநேய உளவியலின் முன்னோடியும், உளவியல் ஆலோசனை வழங்கியவருமான கார்ல் ரோஜர்ஸ், எதிரில் இருப்பவரை நிபந்தனையின்றி ஏற்றுக்கொள்வதையும் அவர் பார்வையிலிருந்தே அவரைப் புரிந்துகொள்வதையும் வலியுறுத்தியவர். தனக்கு எது வேண்டும் என்று கண்டுகொள்ளும் திறன் ஆலோசனை தேடி வருபவரிடமே இருக்கிறது என்ற நம்பிக்கையே ரோஜர்ஸின் முறைக்கு அடிப்படை. ஆனால் ரோஜர்ஸின் அறையில் கேட்பவர் கையில் ஆணை எழுதும் பேனா இல்லை. கேட்பதும் தீர்ப்பளிப்பதும் என் ஒரே மேசையில் நடக்கின்றன. நல்ல எண்ணத்தோடு கேட்டுக்கொண்ட ஒரு குறையை நல்ல எண்ணத்தோடு வேறொரு கோப்பில் பயன்படுத்துவதில் என்ன தவறு என்று கேட்டால், விதிப்படி எதுவும் இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல ஒதுக்கிவிட்டு முடிவெடுப்பதுதான் நேர்மை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கடனை அவர் அடைத்துவிட்டார் என்பதைச் சம்பளப் பிடித்தம் நின்றதை வைத்துத்தான் அறிந்தேன். அவர் சொல்லவில்லை, விடுப்புக் கடிதங்களிலும் "சொந்த வேலை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருப்பதில்லை. பயிற்சிக்குப் போனவர் அதை நன்றாகவே முடித்தார். அது என் முடிவுக்குச் சாதகமான சாட்சியமா, அல்லது இவரும் அதேபோல முடித்திருப்பார் என்பதற்கான சாட்சியமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது விண்ணப்பப் படிவத்தில், ஒன்றுக்கு மேல் கேட்பவர்கள் எது முதலில் வேண்டும் என்பதைத் தாங்களே எண்ணிட்டுத் தர ஓர் இடம் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலோர் நான் எதை ஏற்பேன் என்று ஊகித்து எண்ணிடுகிறார்கள். சிலர் இரண்டுக்கும் நேரே 1 என்று எழுதித் தருகிறார்கள். அந்தப் படிவங்களில் எது முதலாவது என்பதை மறுபடியும் நான்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.