அந்த 3 டிகிரி எங்கிருந்து வருகிறது?

முதுநிலை எலும்பியல் தேர்வில் முதல் முறை நான் கோட்டை விட்டது, எல்லோரும் எதிர்பார்த்துத் தயாராகிற ஒரு கேள்வியில்தான். வாய்மொழித் தேர்வு. விளக்குப் பெட்டியில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நின்ற நிலையில் எடுத்த நீள எக்ஸ்ரே ஒன்று மாட்டியிருந்தது. "முழங்கால் மாற்று அறுவை செய்யப் போகிறீர்கள். காலின் அச்சை எப்படி அமைப்பீர்கள்?" என்றார் தேர்வாளர். "மெக்கானிக்கல் அலைன்மென்ட், 0 டிகிரி, கூடக் குறைய 3" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் பென்சிலை நீட்டினார். "வரையுங்கள்."

தொடை எலும்பின் தண்டு நடுவே ஒரு கோடு இழுத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, செயற்கை மூட்டின் தொடை எலும்புப் பாகத்தை ஏன் 3 டிகிரி வெளிப்புறமாகத் திருப்பி வைக்கிறோம்?" என்றார். "புத்தகத்தில்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அத்துடன் அந்த மேசை முடிந்தது.

அடுத்த ஆறு மாதங்களில் இந்தப் பாடத்தை நான் படித்ததைவிட வரைந்ததுதான் அதிகம். இதே தேர்வுக்குத் தயாராகும் உங்களுக்கும் அதையே சொல்வேன்.

முதலில் கோடுகள். தொடை எலும்பின் தலைக்கு நடுவிலிருந்து முழங்காலின் நடுவுக்கு ஒன்று, அங்கிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேர்கோடாக அமைந்தால் 180 டிகிரி. மெக்கானிக்கல் அலைன்மென்ட் தேடுவது இதைத்தான். நான் தண்டு வழியே இழுத்தது அனாட்டமிக்கல் அச்சு. தொடை எலும்பில் இந்த இரண்டு அச்சுகளுக்கும் இடையே வழக்கமாக 5 முதல் 7 டிகிரி வரை கோணம் இருக்கும். எலும்புக்குள் செலுத்தும் கம்பி தண்டைத்தான் பின்பற்றும் என்பதால், வெட்டும் கருவியில் அந்தக் கோணத்தை வைக்கிறோம். "6 டிகிரி வால்கஸில் (வெளிநோக்கிய சாய்வில்) வெட்டுவேன்" என்பதும் "மெக்கானிக்கல் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுவேன்" என்பதும் ஒரே வெட்டு. இவை இரண்டு வெவ்வேறு கொள்கைகள் என்று நான் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். தண்டு வளைந்திருந்தால் அந்த 6 பொருந்தாது. ஆகவே மனப்பாட எண்ணைச் சொல்லாமல், "இந்தப் படத்தில் அளந்து வைப்பேன்" என்று சொல்லுங்கள்.

கோடு இழுக்கும் முன் படத்தையே சந்தேகப்படுங்கள். முழங்கால் சிப்பி நேராக முன்னோக்கி இருக்கிறதா? முழுதாக நீட்ட முடியாத முழங்கால் வெளிப்புறம் திரும்பி நின்றால், இல்லாத வேரஸ் (கால் உள்நோக்கிச் சாய்ந்து வில்லாக வளைவது) படத்தில் தெரியும். பல் இளிக்கிற படத்தில் பாகைமானி வைத்து என்ன பயன்?

இனி அந்த 3 டிகிரி. இயல்பான டிபியாவின் (முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின்) மேற்பரப்பு, அச்சுக்குச் செங்குத்தாக இல்லாமல் சுமார் 3 டிகிரி உட்புறம் சாய்ந்திருக்கிறது. தொடை எலும்பின் கீழ்ப்பரப்பு அதை ஈடுகட்டும் விதமாகச் சுமார் 3 டிகிரி வால்கஸ். மெக்கானிக்கல் முறையில் டிபியாவைச் செங்குத்தாக வெட்டும்போது வெளிப்பக்கத்தில் அதிக எலும்பு போகிறது. கால் நீட்டிய நிலையில், தொடை எலும்பின் முனையையும் செங்குத்தாக வெட்டுவதால் உட்பக்கத்தில் அதிகம் போய்க் கணக்கு நேராகிவிடுகிறது. மடக்கிய நிலையில் என்ன ஆகும்? தொடை எலும்பு முனையின் உருண்ட புடைப்புகளான பின்புறக் காண்டைல்கள் இரண்டிலும் சமமாக வெட்டினால், எலும்புகளுக்கு நடுவே வெளிப்பக்க இடைவெளி அகன்று சரிவகமாக நிற்கும். உட்பக்கக் காண்டைலில் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால்தான் அது செவ்வகமாகும். பாகத்தை வெளிப்புறம் திருப்புவது என்பது அதுதான்.

இது என் மண்டையில் ஏறியது ஒரு பழைய நோட்டு அட்டையால். மேலே இரண்டு அரைவட்டம், கீழே சாய்ந்த ஒரு பலகை என்று கத்தரித்து, பலகையின் சாய்வை வெட்டி நேராக்கினேன். ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் நுழையவில்லை. மேல் அட்டையைச் சற்றே திருப்பியதும் இரண்டும் சமமாயின. சிரிக்காதீர்கள், கால் மணி நேர வேலை. டிபியாவை அதன் இயல்பான சாய்விலேயே விடுகிறவர்களுக்கு இந்தத் திருப்பம் ஏன் தேவையில்லை என்பதும் அப்போதே விளங்கிவிடும். வால்கஸ் முழங்காலில் வெளிப்புறக் காண்டைல் வளர்ச்சி குன்றியிருக்கும். அங்கே பின்புறக் காண்டைல்களை நம்பி 3 டிகிரி கணக்கிட்டால் பாகம் உட்புறம் திரும்பிப் போகும். ஒயிட்சைடு கோட்டையோ (சிப்பி ஓடும் பள்ளத்தின் முன்பின் கோடு) எபிகாண்டைல் அச்சையோ (காண்டைல்களின் பக்கவாட்டு மேடுகளை இணைக்கும் கோடு) பார்க்க வேண்டும்.

"0, கூடக் குறைய 3" என்பதன் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1991-இல் ஜெஃப்ரியும் சக மருத்துவர்களும் மாற்று அறுவை செய்த 115 முழங்கால்களைப் பார்த்து, அந்த எல்லைக்குள் இருந்தவற்றில் 3 சதவீதமும் வெளியே இருந்தவற்றில் 24 சதவீதமும் தளர்ந்ததாக எழுதினார்கள். 2010-இல் பராட் குழு 398 முழங்கால்களை ஆராய்ந்து, எல்லைக்குள் இருந்தவை 15 ஆண்டுகளில் கூடுதலாக நிலைக்கவில்லை என்றது. 2012-இல் பெல்லமன்ஸ் குழு, வலி ஏதும் இல்லாத இளைஞர்களிலேயே ஆண்களில் 32, பெண்களில் 17 சதவீதம் பேருக்கு 3 டிகிரியோ அதற்கு மேலோ பிறவிப் பாங்கான வேரஸ் இருப்பதைக் காட்டியது. அவர்களுக்கு 180 என்பது திருத்தமா, புதிய கோணலா? கைனமேட்டிக் அலைன்மென்ட் இந்த இடத்திலிருந்துதான் பேசுகிறது: தேய்ந்த குருத்தெலும்பையும் ரம்பத்தின் தடிமனையும் கணக்கில் சேர்த்து, பாகத்தின் தடிமன் அளவுக்கே வெட்டி, பழைய மூட்டுப் பரப்பை மீட்பது. அதற்கு வரம்பு கட்டியவர்களும் உண்டு. இந்த மூன்று ஆய்வுகளின் ஆண்டுகளைச் சொல்லத் தெரிந்தால் போதும், பத்தைச் சொன்னால் பதினொன்றாவதைக் கேட்பார்கள்.

2021-இல் மக்டெஸி குழு வெளியிட்ட சிபாக் (CPAK) என்ற முழங்கால் வகைப்பாட்டை ஒரு கணக்குப் போட்டே பழகுங்கள். மெக்கானிக்கல் அச்சுக்கும் மூட்டுப் பரப்புக்கும் இடையே டிபியாவின் உட்கோணம் 85, தொடை எலும்பின் வெளிக்கோணம் 88 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மைனஸ் 3. மைனஸ் 2-க்குக் கீழே, ஆகவே வேரஸ். கூட்டினால் 173, 177-க்குக் கீழே, ஆகவே இரு கால்களின் மூட்டுக் கோடுகளையும் உள்நோக்கி நீட்டினால் அவை முழங்காலுக்குக் கீழே சந்திக்கும். முதல் வகை. எலும்பின் கோணங்களை மட்டும் எடுப்பதற்குக் காரணம், தேய்மானமும் தசைநார்த் தளர்வும் மொத்தக் காலின் கோணத்தைக் குழப்பிவிடும் என்பதே.

பின்சாய்வு (டிபியாவின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிவது), டிபியா பாகத்தின் திருப்பம் ஆகியவற்றை இரண்டு வரியில் முடிக்கலாம். ஆனால் அலைன்மென்ட் முன்னிருந்து பார்க்கும் ஒரு கோணம் மட்டுமல்ல என்பதைப் பதிலின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது முறை வேறு தேர்வாளர், வேறு படம். சிப்பி எங்கே பார்க்கிறது என்று முதலில் பார்த்தேன். பிறகு நானே பென்சிலைக் கேட்டு வாங்கினேன். கடைசியில் "நீங்கள் எந்த முறையில் செய்வீர்கள்?" என்றார். "நான் உடனிருந்து கற்றது மெக்கானிக்கல் முறை, அதையே செய்வேன். பிறவியிலேயே வேரஸாக இருந்த கால் என்று எலும்புக் கோணங்கள் காட்டினால், 180-ஐத் துரத்தி உட்பக்கத் தசைநாரை மேலும் மேலும் விடுவிக்க மாட்டேன். 2, 3 டிகிரி வேரஸில் விடுவேன்" என்றேன். "டிபியாவிலா, தொடை எலும்பிலா?" என்றார். ஒரு நொடி யோசித்து, தொடை எலும்பில், டிபியா செங்குத்தாகவே இருக்கட்டும் என்றேன். அவர் தலையசைத்தாரா என்று நினைவில்லை. அடுத்த கேள்வி இரத்தக் கட்டிகளைப் பற்றியது.